ஸ்பூனில் சாப்பிட்ட மூன்று நாள்

“...கை இப்படி ஆயிருச்சுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு ஆளப் புடிச்சு விட்டிருப்பேன்ல? அதுக்குப் போயி காய்ச்சல்னு ஏன்டா சொன்ன?” என்று அண்ணன் கேட்டபோது என் கையில் ஸ்பூன் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம். தட்டில் வத்தக்குழம்புச் சோறு. பதினாறு வருஷம் வளைகுடாவில் இருந்தவன் நான். அங்கே ஸ்பூனும் முள்ளுக்கரண்டியும் வைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, கூச்சமே இல்லாமல் கையால் பிசைந்து சாப்பிட்டவன். “எந்த நாட்டுக்குப் போனாலும் எந்தம்பி சோத்தக் கையால தொட்டுத்தான் திம்பான்” என்று அண்ணனே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவன் சொந்த வீட்டில் உட்கார்ந்து ஸ்பூனால் சோற்றைக் குத்திக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் உறுத்தாது? அவர் முதலில் என் மணிக்கட்டைப் பிடித்தார், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், அப்புறம்தான் கேட்டார்.

அந்தக் கேள்விக்கான பதிலை இத்தனை நாள் கழித்து எழுதிப் பார்க்கிறேன், வருகிறதா என்று.

வளைகுடாவில் எனக்கு வேலை ஒரு கோல்ஃப் மைதானத்தில். விளையாட அல்ல, புல் வெட்ட. பாலைவனத்துக்கு நடுவில் பச்சைப் பாய் விரித்த மாதிரி ஒரு இடம். அங்கே என்னோடு வேலை செய்தவர் அய்யம்பேட்டைக்காரர் ஒருவர். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். முதல் நாளே அந்தப் புல்லைப் பார்த்துவிட்டு, “இது குடிக்கிற தண்ணிய நம்ம பக்கம் விட்டா மூணு போகம் எடுக்கலாம் மாப்ள” என்றார். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பெரிய மனிதர்கள் வருவதற்குள் ஊழியர்கள் விளையாடிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை இருந்தது. யாரோ கழித்துப் போட்ட மட்டைகளை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் ஆடக் கற்றுக்கொண்டோம். சொல்லித்தர ஆள் கிடையாது. பார்த்துப் பார்த்துப் பழகியதுதான்.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. மட்டையை இறுக்கிப் பிடிப்பேன், விட்டால் ஓடிப்போய்விடும் என்பதுபோல. பாய் திட்டுவார். “முறுக்கு புழியிற கை வேற, புட்டு உதுக்குற கை வேற. நீ எப்பப் பாத்தாலும் முறுக்கு புழியிற.” அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்கு நாலு வருஷம் ஆனது. புரிந்த பிறகு ஆட்டம் வந்தது. ஊருக்குத் திரும்பியபோது ஏழு மட்டைகளைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து பரணில் போட்டேன். ஒன்பது வருஷம் அவை அங்கேயே கிடந்தன. பூதலூர்ப் பக்கத்தில் எவன் கோல்ஃப் ஆடுகிறான்?

நான் வெளிநாட்டில் இருந்த அத்தனை வருஷமும் என் பங்கு நிலத்தையும் அண்ணன்தான் பார்த்தார். திரும்பி வந்த பிறகும், வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவர்தான் பார்த்தார். நான் உரம் வாங்கி வருவேன், டிராக்டருக்குப் போன் போடுவேன், வரப்பில் நின்று குடை பிடிப்பேன். மண்வெட்டி பிடித்தது கிடையாது. ஊரில் ஒரு கிழவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்: “அண்ணங்காரன் வயல்ல வெளையுது, தம்பிக்காரன் வாயில வெளையுது.” சிரித்துக்கொண்டே நானும் அதைப் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். நல்ல பேச்சு என்றால் அது என்னைக் குத்துவதாக இருந்தாலும் விடமாட்டேன்.

போன பங்குனியில் அண்ணனுக்குக் குடலிறக்கம் என்று ஆபரேஷன் ஆனது. அறுபத்து நாலு வயது. கனம் தூக்கக் கூடாது, குனிந்து வேலை செய்யக் கூடாது, ஆறு மாசத்துக்கு மண்வெட்டியை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, அண்ணியும் கேட்கும்படி, நான் வாய் விட்டேன்: “இந்த வருஷம் வாய்க்கால் வெட்டு என் பொறுப்பு அண்ணே. ரெண்டு பங்கும் நானே எறங்கி வெட்டுறேன். நீங்க கரையில கூட நிக்க வேணாம்.”

வாய்க்கால் வெட்டு என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாமல் போகலாம். பெரிய வாய்க்காலை மிஷின் வைத்து அரசாங்கம் தூர் வாரிவிடும். அதிலிருந்து எங்கள் வயல்களுக்குப் பிரிகிற சின்ன வாய்க்கால் தென்னைகளுக்கு இடையில் நெளிந்து வருகிறது, மிஷின் நுழையாது. கல்லணை திறப்பதற்கு முன்னால் ஒரு நாள் குறித்து, பங்குக்காரர்கள் எல்லாரும் விடிய இறங்கி அவரவர் நீளத்தை வெட்ட வேண்டும். மண்வெட்டிக் காம்பால் அளந்து, எல்லைக்கு ஒரு ஆமணக்குக் குச்சி நட்டிருக்கும். ஒருவன் வெட்டாமல் விட்டால் அவனுக்குக் கீழே இருக்கிற அத்தனை பேருக்கும் தண்ணீர் நின்றுபோகும். ஆள் வைத்தும் வெட்டலாம், தப்பில்லை. ஆனால் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். அன்றைக்குக் காலையில் ஆள் தேடினால் ஒருத்தரும் கிடைக்கமாட்டார்கள். எல்லாரும் வாய்க்காலில்தான் நிற்பார்கள்.

அந்த நாளை ஒரு திங்கட்கிழமைக்குக் குறித்தார்கள். நாள் குறித்த அதே வாரத்தில் பாயிடமிருந்து போன்.

“மாப்ள, இருவது நாள் லீவு. இதோட முடிச்சுக்கிட்டு மகளோட கனடா போறேன். இனிமே எப்ப வர்றேனோ. திருச்சிப் பக்கம் ஒரு கிரவுண்டு இருக்கு, தெரிஞ்சவர் மூலமாக் கேட்டுட்டேன். ஞாயித்துக்கெழம ஒரு ஆட்டம். வர்றியா?”

வாய்க்காலுக்கு முந்தின நாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பத்து நாள் இருந்தது.

பரணிலிருந்து மட்டைகளை இறக்கினேன். பிடியில் இருக்கிற ரப்பர் காய்ந்து, வழவழவென்று கட்டை மாதிரி ஆகியிருந்தது. கையுறையை எடுத்தால் பொரிக்காத அப்பளம்போல விறைத்து நின்றது. விரலை நுழைத்தேன், பொடிந்துவிட்டது. பரவாயில்லை என்று வெறுங்கையோடு வயலுக்குப் போனேன். உளுந்து பிடுங்கிய பிறகு வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த எங்கள் வயல். அடித்த பந்துகளில் பாதி அந்த வெடிப்புக்குள் போய்விட்டது. கையை விட்டுத் துழாவினால் பாம்பு பயம். மூன்றாம் நாளே பந்து தீர்ந்து, வெறும் காற்றை வீசிக்கொண்டிருந்தேன். ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

“என்னங்க, பாம்பா?”

“இல்லம்மா. பழகிக்கிட்டிருக்கேன்.”

“அதானே. பாம்பா இருந்தா இத்தன அடிக்கு அதுவே சலிச்சுப் போயிருக்கும்.”

அவள் வாயிலிருந்து அது சாயங்காலத்துக்குள் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே எனக்குக் கம்புக்காரர் என்று பெயர் விழுந்தது.

நிதானமாகப் பழகியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. முதல் நாள் இருபது வீச்சு, மறுநாள் முப்பது என்று தோலைப் பழக்கியிருக்க வேண்டும். நான் முதல் நாளே இருநூறு வீசினேன். பாய்க்கு முன்னால் கிழவனாகத் தெரியக் கூடாது என்ற ரோஷம். வழுக்குகிற பிடி, வியர்வைக் கை. பிடி நழுவ நழுவ இறுக்கினேன். பழைய முறுக்கு புழிகிற கை திரும்பி வந்துவிட்டது. இடது கையில் சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம், வலது கட்டை விரலின் உள்பக்கம் ஒன்று, மோதிர விரல் அடியில் ஒன்று. நீர் கோத்துப் பளபளவென்று, ஜவ்வரிசி வெந்த மாதிரி.

என் மனைவி பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நோண்டாதீங்க. அது கூப்புடாம வந்த விருந்தாளி. கண்டுக்காம விட்டா அதுவே கெளம்பிப் போயிரும்.”

அருமையான பேச்சு. ரசித்தேன். ரசித்துவிட்டு, அவள் அடுப்படிக்குப் போனதும் ஊக்கை எடுத்துக் குத்தினேன். நீரை வெளியேற்றியதோடு விட்டிருந்தாலும் தோல் மூடிக் காத்திருக்கும். அதையும் பிய்த்து எடுத்தேன். உள்ளே ரோஜா நிறத்தில் இன்னொரு தோல், காற்றுப் பட்டாலே எரிந்தது. அன்றைக்கு ராத்திரி ரசம் சோற்றில் கை வைத்தவன் எழுந்து நின்றுவிட்டேன். புளியும் உப்பும் மிளகும் ஒரு சேரக் கடித்தன.

அடுத்த வீட்டம்மா நடவுக்குப் போகிறவர். “மருதாணி அரைச்சு வையுங்க. சேத்துப்புண்ணுக்கு நாங்க அதானே வைப்போம், தோலு கெட்டிப்படும்” என்றார். புண்ணை விட்டுச் சுற்றிலும் வைக்க வேண்டும் என்று என் மனைவி சொன்னாள். நான் உள்ளங்கை முழுக்க அப்பிக்கொண்டேன். எரிச்சலில் கண்ணீர் வந்தது. காலையில் இரண்டு கையும் செக்கச் சிவந்து, கல்யாணப் பெண் மாதிரி இருந்தேன். அதற்கு மறுநாளும் வயலுக்குப் போய் வீசினேன். அப்போதாவது எனக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ‘ஞாயித்துக்கெழம முடியட்டும், பாத்துக்கலாம்’ என்று அதைத் தள்ளிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூதலூர் ஸ்டேஷனில் நின்றேன். பாய் அய்யம்பேட்டையில் ஏறி வந்த அதே ரயிலில் நானும் ஏறினேன். போர்வை மூட்டையைப் பார்த்து எதிர் சீட்டுக்காரர், “என்னங்க, தட்டி கட்டுற கம்பா?” என்றார். பாய் என் கையைப் பார்த்தார். “மாப்ள மாப்ளன்னு இத்தன வருஷமாக் கூப்ட்டேன், இன்னிக்குத்தான் மருதாணியோட வந்து நிக்கிற” என்று சிரித்து, சிரிப்போடு கையைத் திருப்பினார். சிரிப்பு நின்றது. “என்னாது இது? ஆட வேணாம். சும்மா புல்லுல நடந்துட்டு வருவோம், வா.”

“ஒண்ணும் இல்ல பாய். ரெண்டு நாளு முந்தி வந்தது, ஆறிருச்சு.”

கைக்குட்டையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டேன். மூன்றாவது குழிவரை தாங்கியது. நாலாவதில் வீசும்போது துணியோடு சேர்ந்து தோல் உரிவது தெரிந்தது. பாய் இரண்டு முறை கேட்டார்: “வலிக்குதுன்னு சொல்லிடு மாப்ள. நிறுத்திக்கலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.” நான் சொல்லவில்லை. ஒன்பது குழியும் ஆடி முடித்தேன். என்ன ஆடினேன் என்று ஞாபகம் இல்லை, கை மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. அவரோடு ஆடிய கடைசி ஆட்டத்தை நான் பார்க்கவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். பந்து எங்கே போனது, அவர் என்ன பேசினார், ஒன்றும் இல்லை. திரும்பும்போது பூதலூரில் இறங்கினேன். ஜன்னல் வழியாக அவர் கை நீட்டினார். என்னால் பிடித்துக் குலுக்க முடியவில்லை. மணிக்கட்டை அவர் மணிக்கட்டில் வைத்தேன். ரயில் போய்விட்டது.

திங்கட்கிழமை, விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து மண்வெட்டியைப் பிடித்துப் பார்த்தேன். விரல் மூடவில்லை. காம்பு பட்டதும் உயிர் போய் வந்தது. அப்போதே அண்ணன் வீட்டுக்கு நடந்து போய், “அண்ணே, கை இப்படி ஆயிருச்சு” என்று காட்டியிருக்கலாம். ஆனால் ‘எப்படி ஆச்சு’ என்று அவர் கேட்பாரே! விளையாடி ஆச்சு என்று எந்த வாயால் சொல்வேன்? இருபத்தைந்து வருஷம் என் நிலத்துக்கும் சேர்த்து மண்வெட்டி பிடித்த கை அவருடையது. என் கையில் முதல் முறையாகக் கொப்புளம் வந்தது, அதுவும் பந்து அடித்து வந்தது.

போன் போட்டேன்.

“அண்ணே, காய்ச்சல். நூத்தி ரெண்டு.”

“சரிடா. படு. கஞ்சி வச்சுக் குடி” என்றார். வைத்துவிட்டார்.

அவர் யாரையாவது அனுப்பிவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யார் இருக்கிறார்கள் அனுப்ப? அது எனக்கும் தெரியும். போர்வைக்குள் படுத்திருந்தேன். எங்கள் வீட்டுப் பின்பக்கம்தான் வாய்க்கால். மண்வெட்டி ஈர மண்ணில் இறங்குகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. பத்து மணி வாக்கில் மனைவி தண்ணீர் கொடுக்கப் போய்விட்டு அரக்கப்பரக்கத் திரும்பி வந்தாள்.

“உங்க அண்ணன் வாய்க்காலுக்குள்ள நிக்கிறாங்க. அவங்க பங்க முடிச்சுட்டு நம்ம குச்சியத் தாண்டி வந்துட்டாங்க. எந்திரிச்சுப் போங்க. வெட்டாட்டியும் போயி மேல ஏறச் சொல்லுங்க.”

நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னவன் எப்படிப் போவது? ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காக மத்தியானம்வரை வியர்க்க வியர்க்கப் போர்வை போர்த்திக் கிடந்தேன். சத்தம் எங்கள் பங்குக்குள் வந்தது எனக்குத் தெரிந்தது. நடுவில் நின்று நின்று விழுந்தது. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். சில சமயம் பதினைந்துவரை போகும். ‘நிறுத்திட்டார் போல’ என்று மூச்சு விடுவேன். மறுபடி ஒரு வெட்டு விழும்.

அன்றைக்கும், செவ்வாய்க்கிழமையும், யாராவது வந்தால் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன். அண்ணன் வரவில்லை. அண்ணி கஞ்சி கொடுத்தனுப்பினார்கள்.

புதன்கிழமை மத்தியானம்தான் அவர் வந்தார். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டபோது நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன், எழுந்து படுக்க நேரமில்லை. கையில் மண்வெட்டி கொண்டுவந்திருந்தார், வாசல் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். நடையில் ஒரு சாய்வு இருந்தது. நான் கவனித்தேன், கேட்கவில்லை.

அந்த மண்வெட்டி எதற்கென்று பிற்பாடு அண்ணி சொன்னார்கள். திங்கட்கிழமை ராத்திரியே அவருக்கு அடிவயிற்றில் பழைய இடத்தில் வீக்கம் வந்துவிட்டது. வியாழக்கிழமை தஞ்சாவூருக்குப் போய் டாக்டரைப் பார்க்க வேண்டும். அதே வியாழக்கிழமைதான் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருகிற நாள். முதல் தண்ணீர் வரும்போது வாய்க்கால் தலைப்பில் மஞ்சளும் பூவும் போட்டு, மடையை வெட்டி விடுவது அண்ணன்தான். அப்பா போனதிலிருந்து அவர் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. ‘இந்தத் தடவ தம்பி வெட்டி வுடட்டும். காய்ச்சல் விட்டிருக்கும்’ என்று சொல்லி, தன் மண்வெட்டியையே எடுத்துக்கொண்டு கிளம்பினாராம். தேய்ந்து லேசான மண்வெட்டி, எனக்குத் தோதாக இருக்கும் என்று.

என்னிடம் அதைச் சொல்லத்தான் வந்தார். அதற்குள் ஸ்பூனைப் பார்த்துவிட்டார்.

தஞ்சாவூரில் அவருக்கு மறுபடி ஆபரேஷன் செய்தார்கள். அந்தக் குறுவைச் சாகுபடிக்கு அவர் வயலில் கால் வைக்கவில்லை. முதல் தண்ணீருக்கு மடை வெட்டியது எங்களுக்குக் கீழ்ப் பங்குக்காரர். நான் கரையில் நின்றேன், கையில் துணி சுற்றிக்கொண்டு. தண்ணீர் வந்தது. வெட்டியிருந்த அடிமண் ஒரே சமமாக இருந்ததால் எங்கள் பங்கில் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடியது. “யாரு வெட்டுனது, இவ்வளவு சுத்தமா?” என்று ஒருவர் கேட்டார். என் காதுபடத்தான் கேட்டார்.

கை ஆறிவிட்டது. பத்து நாளில் புதுத் தோல் வந்துவிட்டது. காய்ப்புக்கூட இல்லை, அதற்குள் மட்டைகளைப் பரணில் ஏற்றிவிட்டேன். நாலு பேர் பேச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவனுக்கு, ‘வலிக்குது’ என்ற ஒரு வார்த்தை இரண்டு நாளில் மூன்று இடத்தில் வரவில்லை. ரயிலில் வரவில்லை, புல்தரையில் வரவில்லை, போனில் வரவில்லை.

“ஏன்டா சொன்ன?” என்று கேட்டுவிட்டு அண்ணன் என் மணிக்கட்டை விடாமல் உட்கார்ந்தார். என் மனைவி அடுப்படி வாசலில் நின்றாள். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். “நீ வயல்ல கம்பு வீசிக்கிட்டிருக்கன்னு ஆடு மேய்க்கிறவ சொன்னப்பகூட நான் நம்பலடா” என்றார், கோபமே இல்லாத குரலில். பிடித்திருந்த என் மணிக்கட்டை விட்டார். வத்தக்குழம்புத் தட்டைத் தள்ளி வைத்தார். “இவனுக்கு உப்புப் போடாம மோர் சோறு கொண்டாம்மா. எரியாது” என்று என் மனைவியிடம் சொன்னார். அது வரும்வரை இருந்து, கிண்ணத்தை என் கைக்கு எட்ட நகர்த்தி வைத்தார். அப்புறம் எழுந்து வாசலுக்குப் போய், ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு, சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே வெயிலில் நடந்து போனார்.